காற்று மெலிந்த இடத்தில் உயிரணுக்கள்

தலைநகரில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களுக்குக் கோடை விடுமுறை வந்தால் ஊரிலிருந்து உறவினரும் உடன் வந்துவிடுவர். முன்பெல்லாம் அவர்களை ஆக்ராவுக்கும் ஹரித்துவாரத்துக்கும் அழைத்துச் சென்று காட்டினால் போதுமானதாயிருந்தது. இக்காலத்திலோ லடாக்கைக் காட்டாமல் அனுப்பினால் விருந்தோம்பலில் குறை வைத்ததாகவே கருதப்படுகிறது. விடியற்காலையில் விமானம் ஏறினால், சிற்றுண்டி உண்டு முடிப்பதற்குள் இமயத்தின் பனிமுகடுகள் பலகணியில் தோன்றுகின்றன. ஒன்றரை மணி நேரத்திற்குள் லே நகரில் இறங்கிவிடலாம். வசதிதான். ஆனால் அந்த ஒன்றரை மணியில் நாம் சுமார் 11,500 அடி உயரம் ஏறிவிட்டோம் என்பதை விமானம் அறியும், விமானியும் அறிவார், நம் உடல் மட்டும் சற்றுப் பிந்தித்தான் அறிகிறது.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் தமையனாரை அவ்வாறுதான் அழைத்துச் சென்றேன். ஓய்வு பெற்ற ஆசிரியர். அறுபத்தாறு வயதிலும் காலையில் இரண்டு கல் தொலைவு நடப்பவர். முதல் இரண்டு நாள் அறையிலேயே படுத்திருக்க வேண்டும் என்று விடுதிக்காரர் சொன்னதை அவர் செவியில் ஏற்கவில்லை; வற்புறுத்த வேண்டிய நானும் வாளாவிருந்துவிட்டேன். அன்று பிற்பகலே குன்றின்மேல் நிற்கும் பழைய அரண்மனையைப் பார்க்க ஏறினோம். பாதி வழியில் அவர் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, “தம்பி, இந்த நாலு படிக்கே மூச்சு இப்படி வாங்குகிறதே, எனக்கு இருதயக் கோளாறு ஏதேனும் வந்துவிட்டதா?” என்று கேட்டார். இரவில் தலைவலி, பின்னர் வாந்தி. மருத்துவர் வந்து விரல் நுனியில் சிறு கருவியை மாட்டி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைப் பார்த்து, முகத்திரை வழியே பிராணவாயு செலுத்தச் செய்து, “இருதயத்திற்கு ஒன்றுமில்லை. உயரத்திற்குத்தான் உடம்பு இன்னும் பழகவில்லை. மூன்று நாள் அசையக்கூடாது, அமைதியாகப் படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு மணியும் தாமதியாமல் கீழே இறக்கிவிட வேண்டும்” என்று கூறிச் சென்றார்.

உடன் வந்திருந்த அவர் மகள், கல்லூரியில் உயிரியல் பயில்பவள், அன்றிரவு கண்விழித்துத் தந்தையின் அருகில் அமர்ந்திருந்தாள். “சித்தப்பா, உடம்பு பழகிக்கொள்ளும் என்கிறாரே, பழகுவது யார்? மூக்கா, நுரையீரலா? பிராணவாயு குறைந்துவிட்டது என்று ஒவ்வோர் உயிரணுவுக்கும் யார் போய்ச் சொல்கிறார்கள்?” என்று கேட்டாள். அப்போது எனக்கு விடை தெரியவில்லை. தில்லி திரும்பிய பின் நூலகத்தில் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடை நம் சங்கத்து அன்பர் பலர்க்கும் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். மலைமேல் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைவதில்லை. தில்லியிலும் லேயிலும் காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பிராணவாயுதான். குறைவது காற்றின் அழுத்தம். லே நகரின் உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே ஆகும். எனவே ஒரு மூச்சில் நாம் உள்வாங்கும் பிராணவாயுவும் அந்த அளவே. இவ்வுண்மையைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பால் பெர்ட், 1878-இல் வெளியிட்ட பெருநூலில் ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1875-இல், ‘ஜெனித்’ என்னும் பலூனில் ஏறி எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை எட்டிய மூவரில் இருவர் உயிரிழந்தனர். பிழைத்த திஸாந்தியே, தம்மை ஒரு துன்பமும் வருத்தவில்லை என்றும் இன்ப மயக்கமே சூழ்ந்தது என்றும் பின்னர் எழுதினார். பிராணவாயுக் குறைவின் கொடுமை இதுவே: அது எச்சரிக்கை செய்யாமலே வரும்.

நம் நாட்டினர் இப்பாடத்தைப் பெரு விலை கொடுத்துக் கற்றனர். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின்போதும் அதற்குப் பின்னும் சமவெளியிலிருந்து வீரர்களை விமானத்தில் ஏற்றி நேரே மலைமேல் இறக்க வேண்டியிருந்தது. பகைவரைக் காணுமுன்னரே பலர் நோயுற்று வீழ்ந்தனர். இந்தர் சிங் என்னும் இராணுவ மருத்துவரும் அவர் குழுவினரும் இத்தகைய 1,925 வீரர்களின் நிலையை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் மலைநோய் மருத்துவத்திற்கு அடிப்படைகளில் ஒன்றாயிற்று. இன்று நம் படைவீரர் ஒன்பதாயிரம் அடிக்கு மேல் செல்லுமுன் ஆறு நாள் தங்கிப் பழகுகின்றனர்; பன்னீராயிரம் அடியைக் கடக்கையில் மேலும் நான்கு நாள்; அதற்கு மேல் செல்லும்போது இன்னும் நான்கு நாள். இருபது வயது இளைஞருக்கே இவ்வளவு ஏற்பாடு தேவைப்படுகிறதெனில், அறுபத்தாறு வயது ஆசிரியரை முதல் நாளே குன்றேற்றிய என் அறிவை என்னென்பது!

இனி அண்ணன் மகளின் வினாவுக்கு வருவோம். பழக்கத்தின் முதற்படி உயிரணுவின் மரபணுக்களில் நிகழ்வதன்று. கழுத்தின் இரு பக்கமும் தமனி பிரியுமிடத்தில் உள்ள, அரிசி மணியளவான ஓர் உறுப்பு இரத்தத்தில் பிராணவாயுக் குறைவை நொடியில் உணர்ந்து மூளைக்கு அறிவிக்க, நாம் விரைந்து மூச்சு வாங்குகிறோம். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டே எத்தனை நாள் வாழ்வது? இரத்தமே மாற வேண்டும். 1890-இல் வியோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் ஒரு சுரங்க ஊரில் தங்கித் தம் இரத்தத்தையே சோதித்துப் பார்த்தார். ஒரு கனமில்லிமீட்டரில் 50 இலட்சமாக இருந்த சிவப்பணுக்கள் மூன்று வாரத்தில் 70, 80 இலட்சமாகப் பெருகியிருந்தன. சிவப்பணுக்களைப் பெருக்கும்படி எலும்பு மச்சைக்கு ஆணை அனுப்புவது சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாயிட்டின் என்னும் பொருள் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. அவ்வாணையைச் சிறுநீரகத்திற்குப் பிறப்பித்தது யார்?

இதற்கு விடை கண்டவர் மூவர். அமெரிக்காவைச் சேர்ந்த கிரெக் செமென்ஸா, வில்லியம் கேலின், இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் ராட்கிளிஃப் ஆகியோர்க்கு 2019-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் கண்ட செய்தி இதுவாகும். நம் உயிரணுக்களில் ‘ஹிஃப்’ என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம் இடையறாது உண்டாகிறது. உண்டான சில நிமிடங்களிலேயே அழிக்கவும் படுகிறது. அழிக்க வேண்டியது இது என்று அதன்மேல் அடையாளமிடும் நொதி ஒன்றுண்டு. அந்த நொதிக்கு அடையாளமிடப் பிராணவாயு வேண்டும். பிராணவாயு குறைந்தால் அடையாளம் விழாது. அடையாளம் விழாத ஹிஃப் அழியாது நின்று, உயிரணுவின் உட்கருவுக்குள் புகுந்து, எரித்ரோபாயிட்டினுக்கு உரிய மரபணுவையும், புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் மரபணுக்களையும், பிராணவாயு இன்றியே சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெறும் மரபணுக்களையும் தூண்டிவிடுகிறது. நாள்தோறும் அரிசி களைந்து உலையில் போடுவதைப் போல உண்டாக்குவதும் அழிப்பதுமாக இருப்பது வீண் செலவென்று தோன்றலாம். ஆனால் ஆபத்து வந்த கணத்தில் புதிதாக ஒன்றைச் செய்யத் தொடங்க வேண்டியதில்லை. அழிப்பதை நிறுத்தினாலே போதும்.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஹிஃப் உண்டு; எல்லாவற்றிலும் எரித்ரோபாயிட்டின் மரபணுவும் உண்டு. அங்ஙனமாயின் தோலும் தசையும் அதைச் சுரக்காமல் சிறுநீரகத்தின் சில உயிரணுக்கள் மட்டும் பெரும்பாலும் சுரப்பது ஏன்?

இங்கேதான் மரபணுக்களைக் கட்டிவைத்திருக்கும் முறையை அறிய வேண்டும். ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. இழைகளை நீட்டி வைத்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வரும். அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்குக்கும் குறைந்த உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளைச் சுற்றி, நூற்கண்டில் நூல் சுற்றினாற்போல் அது சுற்றப்பட்டிருக்கிறது. நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பரணில் இருபது சுவடிக் கட்டுகள் இருக்கலாம். கயிறு இறுகக் கட்டப்பட்ட கட்டை எவரும் படிக்க இயலாது. கயிறு தளர்த்தி மேலே வைத்திருப்பதையே படிப்பர். மருத்துவர் வீட்டில் வாகடம் தளர்ந்திருக்கும். சோதிடர் வீட்டில் சாதகச் சுவடி தளர்ந்திருக்கும். ஏடுகள் இருவர் வீட்டிலும் இருப்பவையே. எவை பிரிந்திருக்கின்றன என்பதே வேறுபாடு. சிறுநீரகத்துக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

எக்கட்டை இறுக்குவது, எக்கட்டைத் தளர்த்துவது என்பதற்கு ஏட்டின் எழுத்தைத் திருத்துவதில்லை. மேலே சிறு முத்திரைகளை இடுகின்றனர். இம்முத்திரைகளுள் முக்கியமானது மெதில் என்னும் சிறு இரசாயனக் கூறு. அது டி.என்.ஏ. இழையின்மேலேயே ஒட்டலாம், ஹிஸ்டோனின் வால் போன்ற பகுதியிலும் ஒட்டலாம். எழுத்தை மாற்றாமல் முத்திரையால் மரபணுக்களை ஆளும் இம்முறையைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்று வழங்குகின்றனர். எரித்ரோபாயிட்டின் மரபணுவின் அருகே ஹிஃப் அமர வேண்டிய இடத்தில் மெதில் முத்திரை விழுந்திருந்தால் ஹிஃப் அங்கே அமர முடியாது. கதவு சாத்தியிருக்கும் வீட்டின் முன் தபால்காரர் நின்று என்ன பயன்?

முத்திரையிடும் நொதிகள் உண்டு. முத்திரையைத் துடைக்கும் நொதிகளும் உண்டு. ஹிஸ்டோனின்மேல் விழுந்த மெதில் முத்திரையைத் துடைக்கவே முடியாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். 2004-க்குப் பின்னரே துடைக்கும் நொதிகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. டி.என்.ஏ.யின்மேல் உள்ள மெதிலை மாற்றி அகற்ற வழிசெய்யும் டெட் என்னும் நொதியின் வேலையை 2009-இல் வெளிப்படுத்திய குழுவில் இந்திய வழியினரான அஞ்சனா ராவ், எல். அரவிந்த் ஆகியோர் இருந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

துடைக்கும் நொதிகளின் அமைப்பை ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பைக் கண்டனர். அவற்றில் மிகப் பெரும்பாலானவையும், ஹிஃப் புரதத்தின்மேல் அடையாளமிடும் நொதியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை யாவும் வேலை செய்ய மூன்று பொருள்கள் வேண்டும்: சிறிது இரும்பு, உயிரணு உணவை எரிக்கும்போது கிடைக்கும் ஓர் அமிலம், பிராணவாயு. துடைப்பவருக்குப் பிராணவாயுவே கூலி என்று சொல்லலாம். கூலி குறைந்தால் துடைப்பவர் கை ஓய்வார். முத்திரையிடுபவர்க்கோ அக்கூலி தேவையில்லை, அவர் தம் வேலையைச் செய்துகொண்டே இருப்பார். விளைவு? முத்திரைகள் குவியும்.

எவர் தூது சொல்வது என்று கேட்டாளே, அவளுக்கு இதுவே விடை. தூதர் எவரும் வேண்டுவதில்லை. ஏட்டுக் கட்டின் அருகில் அமர்ந்திருக்கும் துடைப்பவரே பிராணவாயுவின் அளவை நேரில் உணர்கிறார்.

இது வெறும் ஊகமாகவே பல்லாண்டு இருந்தது. ஏனெனில் ஐயப்படுவோர் நியாயமாகவே ஒரு வினா எழுப்பினர்: பிராணவாயு குறைந்தால் ஹிஃப் தூண்டப்படுகிறது, ஹிஃப் நூற்றுக்கணக்கான மரபணுக்களை அசைக்கிறது, முத்திரைகள் மாறுவதும் அதன் விளைவாகவே இருக்கலாகாதா? 2019 மார்ச்சில் ஒரே இதழில் வெளியான இரண்டு ஆராய்ச்சிகள் இதற்கு விடையளித்தன. கேலின் ஆய்வுக்கூடத்தில் அபிஷேக் சக்கரவர்த்தியும் உடன் உழைத்தோரும், ஹிஃப் வேலை செய்ய இயலாத எலி உயிரணுக்களை எடுத்துப் பிராணவாயுவைக் குறைத்தனர். அவற்றிலும் முத்திரைகள் குவிந்தன! துடைப்பவர்களுள் கே.டி.எம். 6ஏ என்னும் நொதி பிராணவாயு சற்றுக் குறைந்தாலே சோர்ந்துவிடுவது என்றும், அதன் நெருங்கிய உறவான 6பி அவ்வாறு எளிதில் சோர்வதில்லை என்றும் கண்டனர். ஒரே குடும்பத்தில் பிறந்த இருவருள் ஒருவர் பசி தாங்குவார், மற்றவர் தாங்கார் என்பது நமக்குப் புதிதன்றே.

அந்நொதி துடைக்கும் முத்திரை மரபணுவை மூடிவைக்கும் வகையைச் சேர்ந்தது. தசையாக முதிர வேண்டிய இளம் எலி உயிரணுக்களைப் பிராணவாயுக் குறைவில் வளர்த்தபோது, தசைக்குரிய மரபணுக்கள் மூடியே கிடந்தன, உயிரணுக்கள் முதிரவில்லை. அம்முத்திரையை இடும் நொதியை மருந்தால் தடுத்தவுடன், பிராணவாயு குறைந்த நிலையிலேயே அவை முதிரத் தொடங்கின. முத்திரையே காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மற்றோர் ஆராய்ச்சி சோனியா ரோச்சா என்னும் அறிஞரின் குழுவினர் இங்கிலாந்தில் செய்தது. மனித உயிரணுக்களில் பிராணவாயுவைக் குறைத்து ஒரு மணி நேரத்திற்குள்ளேயே முத்திரைகள் பெருகுவதைக் கண்டனர். அவர்கள் கண்டது கே.டி.எம். 5ஏ என்னும் வேறொரு துடைப்பவர். அது துடைக்கும் முத்திரை மூடுவதற்குரியதன்று, திறப்பதற்குரியது. அது சோர்ந்தால் சில மரபணுக்கள் மேலும் திறந்துகொள்கின்றன. முத்திரை முதலில் மாற, மரபணுவின் வேலை பின்னர் மாறுகிறது. ஆக, பிராணவாயு குறையும் ஒரே காரணத்தால் சில கட்டுகள் இறுகுகின்றன, சில தளர்கின்றன. வளர்ச்சி, முதிர்ச்சி முதலிய செலவுகளை ஒத்திவைத்து, உயிர் காக்கும் ஏடுகளை மேலே எடுத்துவைக்கும் சிக்கனக் குடும்பத்தைப் போன்றது இது. மாதக் கடைசியில் நம் இல்லத்தரசியர் செய்வதும் இதுவே அன்றோ? இன்னொரு நுட்பமும் உண்டு. ஹிஃப் தூண்டிவிடும் மரபணுக்களுள் துடைக்கும் நொதிகள் சிலவற்றின் மரபணுக்களும் உள்ளன. கூலி குறைந்து ஒவ்வொருவர் வேலையும் மெலிந்தமையால், ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்கிறது உயிரணு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வாராய்ச்சிகள் பல, பிராணவாயுவைப் பெரிதும் குறைத்த கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டு நடந்தவை. லேயில் சுற்றுலா சென்றவரின் ஒவ்வோர் உறுப்பிலும் அதே மாற்றம் நடக்கிறது என்று கூறிவிடுதல் பொருந்தாது. இப்போதெல்லாம் எபிஜெனெடிக்ஸ் என்ற சொல்லைக் கண்டாலே நினைத்ததையெல்லாம் அதன் தலையில் ஏற்றி எழுதுகின்றனர். திபெத்தியர் உயரத்தில் நலமாக வாழ்வதையும் முத்திரை என்றே சிலர் எழுதக் கண்டேன். அது பிழை. ஹிஃப் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவின் எழுத்தே அவர்களிடம் வேறுபட்டிருப்பதை 2010-இல் கண்டனர். அவ்வேறுபாடு, மறைந்துபோன டெனிசோவர் என்னும் பழம் மனித இனத்தாரிடமிருந்து வந்தது என்று 2014-இல் காட்டினர். அது பிறப்பில் வரும் சொத்து. எத்தனை முறை லடாக்குக்குச் சீட்டு வாங்கினாலும் நமக்குக் கிட்டாது.

பிராணவாயு உண்மையிலேயே மிகக் குறைந்துவிடும் இடம் ஒன்று நம் உடலிலேயே தோன்றலாம். அது புற்றுநோய்க் கட்டி. கட்டி விரைந்து வளர்கிறது. இரத்தக் குழாய்கள் அவ்வேகத்தில் வளர்வதில்லை. நடுப்பகுதி மூச்சுத் திணறுகிறது. அங்கே டெட் நொதி சோர்ந்து, டி.என்.ஏ.யின்மேல் மெதில் முத்திரைகள் குவிகின்றன என்றும், கட்டியை அடக்கிவைக்க வேண்டிய மரபணுக்களே அதனால் மூடப்படுகின்றன என்றும் பெல்ஜியம் நாட்டு அறிஞர்கள் 2016-இல் வெளியிட்டனர். எலிகளில் கட்டியின் இரத்த ஓட்டத்தைச் சீர்செய்தபோது முத்திரைக் குவியல் தடைப்பட்டது. கட்டியைப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்ற பழைய எண்ணத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்யும் முடிவு இது.

இன்னோர் இடம் பச்சிளங் குழந்தையின் தொட்டில். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள் உறக்கத்தில் அடிக்கடி சில நொடிகள் மூச்சு நிறுத்துவதுண்டு. சிகாகோவில் பணிபுரியும் நந்தூரி பிரபாகர் குழுவினர், பிறந்த எலிக் குட்டிகளுக்கு அவ்வாறே விட்டுவிட்டுப் பிராணவாயுக் குறைவை உண்டாக்கினர். சில நாட்களே. பின்னர் அவை நல்ல காற்றில் வளர்ந்தன. ஆயினும் பெரியவையான பின் கழுத்திலுள்ள அந்த அரிசி மணி உறுப்பு மிகையாகத் துடித்தது. இரத்த அழுத்தம் உயர்ந்தது. உயிரணுக்களைக் காக்கும் ஒரு மரபணுவின் வாயிலில் மெதில் முத்திரை விழுந்து நிலைத்திருந்தது! முத்திரை விழாமல் தடுக்கும் மருந்தைக் குட்டிப் பருவத்திலேயே கொடுத்தவற்றுக்கு அத்தீங்கு நேரவில்லை என்று 2012-இல் அறிவித்தனர். எலியில் கண்டது இது; அம்மருந்து கடுமையானது, குழந்தைகளுக்குக் கொடுக்கத் தக்கதன்று. ஆனால் குறை மாதக் குழந்தையின் மூச்சை மருத்துவமனையில் இரவும் பகலும் கருவி வைத்துக் கண்காணிப்பதை வீண் பகட்டு என்று எண்ணும் பாட்டிமார் நம் இல்லங்களில் உளர். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

என் தமையனார் நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தார். ஆறாம் நாள் எவர் துணையுமின்றி அந்த அரண்மனையின் உச்சி மாடிக்கு ஏறி, அங்கிருந்து எங்களைக் கையசைத்து அழைத்தார். தில்லி திரும்பிய பின் அவர் கேட்ட வினா ஒன்றே. “என் உடம்பு லேயை நினைவில் வைத்திருக்குமா? மறுமுறை போனால் படுக்க வேண்டாம் அல்லவா?”

இதற்கும் ஓரளவு விடை உண்டு. 2012-இல் இருபத்தொரு தொண்டர்களைப் பொலிவியா நாட்டில் 5,260 மீட்டர் உயரமுள்ள சக்கல்தாயா மலைக்கு அழைத்துச் சென்று பதினாறு நாள் தங்கவைத்துக் கீழே இறக்கி, சிலரை ஏழு நாள் கழித்தும் சிலரை இருபத்தொரு நாள் கழித்தும் மீண்டும் ஏற்றினர். இரண்டாம் முறை உடல் விரைவில் பழகியது. உயரத்திலிருந்தபோது சிவப்பணுவின் மேற்புறத்தில் ஒரு புரதம் அழிந்திருந்தது. அதனால் பிராணவாயுவைத் திசுக்களுக்கு எளிதாக விட்டுக்கொடுக்கும் நிலை மறுமுறை விரைந்து கைகூடிற்று. அண்ணன் மகள் உடனே, “சித்தப்பா, முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாதே, அங்கே முத்திரை ஏது?” என்றாள். உண்மைதான். அந்த நினைவு முத்திரையால் வந்ததன்று. இழந்த புரதத்தை மீண்டும் செய்துகொள்ளச் சிவப்பணுவுக்கு வழியில்லாமையால் வந்தது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதற்குள் பழைய அணுக்கள் மாய்ந்து புதியவை வந்துவிடும்.

தமையனார் நாட்காட்டியை எடுத்து நாள் எண்ணிப் பார்த்தார். அவர் மனம் போல் நூற்றிருபது நாளுக்குள் செல்வதற்கு விடுமுறை எனக்கு இல்லை. அடுத்த கோடையில் செல்வதென்றும், முதல் மூன்று நாள் விடுதி அறையிலேயே படுத்திருப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். அவருக்குப் படிக்க இரண்டு நாவல்களும் இப்போதே வாங்கி வைத்தாயிற்று.